அறுநூறு விண்ணப்பம், ஒரு பதில்கூட இல்லை

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஆன்லைனில் விண்ணப்பிக்கிறோம், மெஷின் தள்ளிவிடுகிறது, மனிதர் யாரும் பார்ப்பதே இல்லை. நான் 1995-இலிருந்து 2022 வரை ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவள். முதல் ஒன்பது வருஷம் அம்பத்தூரில் ஒரு வால்வு தொழிற்சாலை, அப்புறம் ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனம். அம்பத்தூர் நாட்களில் இந்து நாளிதழின் புதன்கிழமை வேலைவாய்ப்பு இணைப்பில் நாலு வரி விளம்பரம் கொடுத்தால், அடுத்த வாரத்துக்குள் இருநூறு கவர் வந்துவிடும். ஒவ்வொன்றையும் கையால் பிரித்துப் படித்தோம். நான் வேலையை விட்டு வரும்போது, ஒரு ஃப்ரெஷர் பணிக்கு ஒரே ராத்திரியில் நாலாயிரம் வந்து கிடந்தது. அந்த நாலாயிரத்துக்குள் உங்கள் காகிதம் எங்கே போய் நிற்கிறது என்பதைத்தான் இந்த இதழில் சொல்லப்போகிறேன்.

கேள்வி: நான் 2024-இல் இ.சி.இ. முடித்தேன். கேம்பஸில் கிடைக்கவில்லை. இதுவரை 600-க்கு மேல் விண்ணப்பித்துவிட்டேன். ஒரு இடத்தில் இரவு 11.40-க்கு அப்ளை செய்தேன், 11.42-க்கு ‘வருந்துகிறோம்’ என்று மெயில் வந்துவிட்டது. ஏ.ஐ.தான் என்னை நிராகரிக்கிறதா? ஏடிஎஸ் ஸ்கோரை 90-க்கு மேல் ஏற்றித் தருவதாக ஒருவர் 2,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா அம்மா? ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன். இப்போதைக்கு சிவகாசியில் மாமாவின் அச்சகத்தில் மெஷின் பழுது பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: தம்பி, முதலில் அந்த 2,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஏடிஎஸ் என்பது வந்த விண்ணப்பங்களை வாங்கி, அடுக்கி, தேடித் தரும் மென்பொருள். கம்பெனிக்குக் கம்பெனி வேறு வேறு மென்பொருள் ஓடுகிறது. எல்லோருக்கும் பொதுவாக ‘ஸ்கோர்’ என்று ஒன்று அதில் கிடையாது. அவர் காட்டும் 90 அவருடைய இணையதளம் தானாகப் போட்டுக்கொண்ட மார்க்.

இரண்டு நிமிடத்தில் வந்த மெயிலுக்கு வருவோம். அவ்வளவு சீக்கிரம் வந்தால், பெரும்பாலும் ரெஸ்யூமைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். விண்ணப்பப் பாரத்தில் சில கேள்விகள் இருக்குமே: எந்த வருஷம் முடித்தீர்கள், அரியர் நிலுவையில் உண்டா, பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் உண்டா, பெங்களூர் வரத் தயாரா என்று. அதில் ஒன்றுக்கு அவர்கள் எதிர்பார்த்த பதில் வரவில்லை என்றால் தானாகவே மெயில் போய்விடும். அதற்கு ஏ.ஐ.கூடத் தேவையில்லை. என்னைப்போல ஒரு ஆள் ஒரு மத்தியானம் உட்கார்ந்து ‘60-க்குக் கீழே இருந்தால் தள்ளு’ என்று அமைத்திருப்பார், அவ்வளவுதான்.

இதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். 2017-இல் எங்கள் பாரத்தில் ‘பட்டப்படிப்பு மதிப்பெண், சதவீதத்தில்’ என்று ஒரு கட்டம் வைத்திருந்தோம். 60 என்ற வரம்பை வைத்தது நான். நிறையப் பேர் அந்தக் கட்டத்தில், பத்துக்கு எவ்வளவு என்று கணக்கிடும் தங்கள் சிஜிபிஏவைப் போட்டுவிட்டார்கள். 8.4 வாங்கிய பெண்ணை மென்பொருள் 8.4 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு வெளியே தள்ளியது. மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் எப்படியோ எங்கள் நம்பரைப் பிடித்து, “மேடம், நான் காலேஜில் இரண்டாவது ரேங்க், எதனால் தள்ளினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்” என்று கேட்டாள். அப்போதுதான் போய்ப் பார்த்தோம். அவளைப்போல முன்னூறு பேருக்கு மேல் வெளியே கிடந்தார்கள். அதற்குள் ஆள் எடுத்து முடித்தாகிவிட்டது. அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அந்தக் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: கட்டத்தில் என்ன கேட்கிறார்கள் என்பதை இரண்டு தடவை படியுங்கள். சதவீதம் கேட்டால், உங்கள் பல்கலைக்கழகம் எந்த முறையில் மாற்றச் சொல்கிறதோ அந்த முறையில் மாற்றிப் போடுங்கள்.

இப்போது உங்கள் ரெஸ்யூம். பிரவுசிங் சென்டரில் அடித்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது. சுற்றிலும் இரட்டைக் கோடு பார்டர், இடது பக்கம் ஒரு நீலப் பட்டை, அதற்குள் ஃபோன் நம்பரும் மெயிலும், வலது பக்கம் படிப்பு எல்லாம் டேபிளில். கண்ணுக்கு அழகுதான். ஆனால் மென்பொருள் அதை வெறும் எழுத்தாகப் பிரித்தெடுக்கும்போது என்ன ஆகிறது என்று நீங்களே பாருங்கள். பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டுங்கள். நான் ஒட்டிப் பார்த்தேன். கல்லூரிப் பெயருக்கு நடுவில் உங்கள் ஃபோன் நம்பரின் பாதி வந்து நிற்கிறது. ‘2024’ என்ற வருஷம் பள்ளிக்கூடத்துக்கு நேரே போய்விட்டது. இன்னும் சிலருடைய ரெஸ்யூம் ஸ்கேன் செய்த படமாக இருக்கும். அதை ஒட்டினால் ஒன்றுமே வராது, பல மென்பொருளுக்கு அது வெறும் தாள். இடது, வலது என்று பிரிக்காமல், டேபிள் இல்லாமல், மேலிருந்து கீழே படிக்கிற மாதிரி அடித்துவிடுங்கள். நோட்பேடில் ஒட்டினால் வரிசை மாறாமல் வர வேண்டும். இந்த ஒரு சோதனை போதும். அப்பா பெயர், மதம், ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்ற உறுதிமொழி எதுவும் வேண்டாம்.

ஆனால் தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி வரிதான். அச்சகத்தில் மெஷின் பழுது பார்க்கிறீர்கள். ரெஸ்யூமில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை! அங்கே இருப்பது ‘கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவர், குழுவாகப் பணியாற்றுபவர்’. நான் பார்த்த ஃப்ரெஷர் ரெஸ்யூம்கள் எல்லாவற்றிலும் இதே மூன்றும் இருந்தன. இப்போது சாட்ஜிபிடி வந்த பிறகு இதையே இன்னும் வழவழப்பான இங்கிலீஷில் எல்லோரும் எழுதுகிறார்கள்.

என்ன மெஷின் அது? ஆஃப்செட்டா? எத்தனை கலர்? கன்ட்ரோல் பேனலில் கைவைத்தீர்களா, மோட்டார் டிரைவில் கைவைத்தீர்களா, சென்சார் மாற்றினீர்களா? பேப்பர் இரட்டையாகப் போனால் மெஷினை நிறுத்தும் சென்சார் ஒன்று உண்டே, அது பொய்யாக நிறுத்திக்கொண்டே இருந்தால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? காலண்டர் சீசனில் மெஷின் நின்றால் மாமாவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு நஷ்டம், நீங்கள் எத்தனை மணி நேரத்தில் ஓட்டிக் கொடுத்தீர்கள்? இதை நாலு வரியில் எழுதுங்கள். செய்ததை மட்டும் எழுதுங்கள், செய்யாததைச் சேர்க்காதீர்கள். ஆள் தேடுகிறவர்கள் நௌக்ரி மாதிரி தளங்களில் சொல் போட்டுத்தான் தேடுகிறார்கள். ‘கடின உழைப்பாளி’ என்று யாரும் தேடுவதில்லை. ‘பிஎல்சி’, ‘ப்ராக்சிமிட்டி சென்சார்’, ‘ஏசி டிரைவ்’, ‘பிரிவென்டிவ் மெயின்டெனன்ஸ்’ என்று தேடுவார்கள். அந்தச் சொல் உங்கள் வாழ்க்கையில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை.

இன்னொன்று, தேடல் முடிவில் சமீபத்தில் உள்ளே வந்து போனவர்களை மட்டும் காட்டும்படி வடிகட்டுவது எங்கள் வழக்கம். வேலை தேடுகிற காலத்தில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது உள்ளே போய் ப்ரொஃபைலில் ஏதாவது ஒரு வரியைப் புதுப்பித்துவிட்டு வாருங்கள்.

600 இடத்துக்கும் ஒரே ரெஸ்யூம் போயிருக்கிறது. சாஃப்ட்வேர் டெஸ்டிங், பி.பி.ஓ., பேங்க் சேல்ஸ் எல்லாவற்றுக்கும். இனி வாரத்துக்கு ஐந்து போதும். ஓசூர், கோயம்புத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பேக்கேஜிங், பிரிண்டிங் மெஷின் விற்கிற, சர்வீஸ் செய்கிற நிறுவனங்களைப் பட்டியல் போடுங்கள். சிவகாசிக்கு வந்து போகும் சர்வீஸ் இன்ஜினியர்கள் உங்கள் மாமாவின் அச்சகத்திலேயே டீ குடித்திருப்பார்கள். அவர்கள் நம்பர் மாமாவிடம் இருக்கும். அவர்களில் ஒருவர் தன் மேனேஜரிடம் “ஒரு பையன் இருக்கான், பேனல் தெரியும்” என்று சொன்னால், உங்கள் காகிதம் அந்த நாலாயிரத்தின் வரிசையில் நிற்க வேண்டியதே இல்லை. நான் இருந்த இரண்டு இடத்திலும், ஊழியர் ஒருவர் சொல்லி வந்த ரெஸ்யூமை நாங்கள் திறக்காமல் விட்டதே கிடையாது.

திருத்திய ரெஸ்யூமை எனக்கு அனுப்புங்கள். நானே படித்துப் பார்க்கிறேன்.

கேள்வி: எனக்கு இனிஷியல் மட்டும்தான். பாரத்தில் ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம் என்கிறது. ஒரு இடத்தில் புள்ளி வைத்தேன், ஒரு இடத்தில் அப்பா பெயர் போட்டேன், ஒரு இடத்தில் என் பெயரையே இரண்டு தடவை போட்டேன். இதனால் பிரச்சினை வருமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: வரும் அம்மா. குடும்பப் பெயர் வழக்கத்தில் இருக்கிற ஊர்க்காரர்கள் உருவாக்கிய பாரம் அது, நம் ஊர்ப் பெயர் அதில் உட்காராது. பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியல் ஒரு பக்கம் இருக்கும். ஆதாரில் இன்னொரு பக்கம் போயிருக்கலாம். பான் கார்டில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள், அதனால் அப்பா பெயர் முழுசாக வந்திருக்கும். வேலை கிடைத்து, சரிபார்க்கிற கம்பெனி மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மூன்று ஆள் மாதிரித் தெரியும். பி.எஃப். கணக்கிலும் ஆதாரோடு ஒத்துப் போகாமல் பின்னால் இழுத்தடிக்கும்.

ஒரே வடிவத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். சம்பளமும் வரியும் பான் எண்ணில் ஓடுவதால், பான் கார்டில் உள்ள மாதிரியே எல்லாப் பாரத்திலும் போடுவது நல்லது. ஆதாரையும் அதற்கு ஏற்ற மாதிரி திருத்திக்கொள்ளுங்கள். புள்ளி வைக்காதீர்கள். ஒரே கம்பெனியில் இரண்டு வடிவத்தில் விண்ணப்பித்திருந்தால் அங்கே உங்களுக்கு இரண்டு கணக்கு இருக்கும், இரண்டிலும் பாதி விவரம் இருக்கும்.

கேள்வி: மகன் பி.இ. முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. சென்னையில் ஒரு கன்சல்டன்சி ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். இரண்டு வருஷ அனுபவச் சான்றிதழ், சம்பள ஸ்லிப் எல்லாம் அவர்களே தயார் செய்து, பெரிய கம்பெனியில் பேக்டோரில் சேர்த்துவிடுவார்களாம். நிலத்தை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.
– ஒரு தகப்பனார், விழுப்புரம்

பதில்: ஐயா, வேண்டாம். உங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம்.

ஒருவர் வேலை பார்த்தாரா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க இப்போது சான்றிதழையே யாரும் நம்புவதில்லை. 2014-இலிருந்து பி.எஃப். கட்டும் ஊழியர்களுக்கு யூஏஎன் என்று ஒரே எண் வந்துவிட்டது. எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தார், எந்தத் தேதி விலகினார் என்பது அதில் வரிசையாக நிற்கும். எந்தக் கம்பெனி வரி பிடித்துக் கட்டியது என்று காட்டும், வருமான வரித் துறையின் படிவம் 26ஏஎஸ்ஸையும் சிலர் கேட்பார்கள். காகிதம் பொய் சொன்னாலும் இவை காட்டிக்கொடுத்துவிடும்.

2016-இல் எங்களிடம் அப்படி ஒரு பையன் சேர்ந்தான். வேலையில் கெட்டிக்காரன், எல்லோருக்கும் பிடித்தவன். நாலாவது மாதம் சரிபார்ப்பு அறிக்கை வந்தது. முந்தைய கம்பெனி என்று அவன் கொடுத்த முகவரியில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. அன்று சாயங்காலமே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவன் அப்பா வந்து ரிசப்ஷனில் உட்கார்ந்தார். மஞ்சப்பையில் பணம் கட்டிய ரசீது வைத்திருந்தார். கையால் எழுதிய ரசீது, கம்பெனி முத்திரைகூட இல்லை. “நான்தாம்மா கட்டினேன், அவன் வேண்டாம்னுதான் சொன்னான்” என்றார். என்னால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை. அந்தப் பையனுக்குப் பிறகு நேர்மையாக விண்ணப்பித்த இடத்திலும் அந்த நாலு மாதம் குறுக்கே வந்தது.

நம் ஊரில் ஒழுங்காக ஆள் எடுக்கிற எந்தக் கம்பெனியும் வேலைக்கு வருபவரிடம் பணம் வாங்குவதில்லை. கன்சல்டன்சிக்குக் கூலி கொடுப்பது கம்பெனிதான். ஏற்கெனவே முன்பணம் ஏதாவது ஆன்லைனில் அனுப்பியிருந்தால் உடனே 1930-க்கு ஃபோன் செய்து சொல்லுங்கள், அது சைபர் குற்றங்களுக்கான உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நடுவில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. மகனை எனக்கு எழுதச் சொல்லுங்கள். இரண்டு வருஷம் சும்மா இருந்த பிள்ளைக்கு வழி இல்லாமல் போகவில்லை.

கேள்வி: எனக்கு 38 வயது. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் எட்டு வருஷம் இருந்தேன். குழந்தைக்காக 2018-இல் விட்டேன். இப்போது எங்கே போட்டாலும் கூப்பிடுவதில்லை. இடைவெளியை மறைக்கலாமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மறைக்காதீர்கள் அம்மா. வருஷங்களை மட்டும் போட்டு மாதங்களை விட்டுவிட்டால் மென்பொருள் தன் இஷ்டத்துக்குக் கணக்குப் போடும், படிக்கிறவருக்கும் சந்தேகம் வரும். ‘2018 முதல்: குடும்பப் பொறுப்பு’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதற்குக் கீழே இந்த வருஷங்களில் செய்தவற்றை எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் நாத்தனாரின் துணிக்கடைக்கு டேலியில் கணக்கும் ஜி.எஸ்.டி.யும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறீர்களே, அதையும் எழுத வேண்டும்.

உங்கள் மேல் தப்பு இருக்கிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். அமேசான் ஒரு காலத்தில் ரெஸ்யூம்களுக்கு மார்க் போட ஒரு மென்பொருளைப் பழக்கிப் பார்த்தது. பத்து வருஷத்தில் வந்த பழைய ரெஸ்யூம்களை அதற்குக் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. அதனால் ‘பெண்கள்’ என்ற சொல் வந்த ரெஸ்யூமுக்கு, அது பெண்கள் செஸ் குழுவின் தலைவி என்று இருந்தால்கூட, அது மார்க்கைக் குறைக்க ஆரம்பித்தது. திருத்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் கைவிட்டார்கள். 2018-இல் ராய்ட்டர்ஸ் இதை வெளியிட்டது. மெஷினுக்கு வன்மம் கிடையாது, ஆனால் நம் பழைய பழக்கத்தை அது அப்படியே கற்றுக்கொள்கிறது. இடைவெளியையும் அப்படிப் பார்க்கக்கூடும்.

அதனால் உங்களைப் போன்றவர்களுக்கு என்றே வைத்திருக்கிற வாசலில் போய்த் தட்டுங்கள். டாடா குழுமம் 2008-இலேயே இப்படித் திரும்பி வரும் பெண்களுக்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. சென்னையில் சௌந்தர்யா ராஜேஷ் 2000-இல் தொடங்கிய அவதார் நிறுவனம் இதையே முக்கிய வேலையாகச் செய்து வருகிறது. பெரிய ஐ.டி. நிறுவனங்கள் சிலவற்றில் ‘ரிட்டர்ன்ஷிப்’ என்ற சொல்லைப் போட்டுத் தேடிப் பாருங்கள். அங்கே இடைவெளி இருப்பதுதான் தகுதியே. எட்டு வருஷம் டெஸ்டிங்கில் இருந்தீர்கள், அப்போது உடன் இருந்தவர்கள் இப்போது மேனேஜராக இருப்பார்கள். கூச்சப்படாமல் பேசுங்கள்.

கேள்வி: வேலை விளம்பரத்தில் உள்ள சொற்களை எல்லாம் ரெஸ்யூமில் வெள்ளை எழுத்தில் ஒளித்து வைத்தால் மெஷின் ஏமாந்துவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: செய்யாதீர்கள். மென்பொருள் அதை வெறும் எழுத்தாகப் பிரிக்கும்போது வெள்ளை, கருப்பு என்ற பேதம் போய்விடும். எங்கள் திரையில் எல்லாமே ஒரே நிறத்தில் வந்து நிற்கும். அதைப் பார்த்த பிறகு அந்த ஆளைக் கூப்பிட எனக்கு மனசு வந்ததில்லை.

கேள்வி: வீடியோ இன்டர்வியூ என்றார்கள். எதிரில் ஆளே இல்லை. திரையில் கேள்வி வந்தது, 90 நொடி ஓடியது. நான் தமிழில் யோசித்து இங்கிலீஷில் பேசுவதற்குள் முடிந்துவிட்டது. மெஷின் முகத்தைப் பார்த்து மார்க் போடுமாமே?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முகபாவத்தைப் பார்த்து மார்க் போடும் முறையை இந்தத் தொழிலில் பெரிய நிறுவனமான ஹயர்வ்யூவே விட்டுவிட்டதாக 2021-இல் அறிவித்தது. இப்போது பெரும்பாலும் நீங்கள் பேசியதை எழுத்தாக மாற்றித்தான் பார்க்கிறார்கள். அதனால் சொல் தெளிவாக விழ வேண்டும், அதுதான் முக்கியம். மின்விசிறியை நிறுத்துங்கள், வேர்த்தாலும் பரவாயில்லை, மைக்கில் அதன் சத்தம்தான் முதலில் கேட்கும். நாலு புத்தகத்தை அடுக்கி ஃபோனைக் கண் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்கட்டும்.

90 நொடி என்பது நிதானமாகப் பேசினால் பன்னிரண்டு, பதின்மூன்று வாக்கியம். உங்கள் வாழ்க்கையிலிருந்து ஐந்து சம்பவங்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ப்ராஜெக்டில் மாட்டிக்கொண்டது, யாரோடாவது கருத்து வேறுபட்டது, தப்பு செய்து திருத்தியது, இப்படி. முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் அதையே சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமாக. ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். பத்து நாள் இப்படிச் செய்தால் எந்தக் கேள்வி வந்தாலும் அந்த ஐந்தில் ஒன்று வந்து கைகொடுக்கும். பக்கத்துத் திரையில் சாட்ஜிபிடி பதிலை வைத்துப் படிக்காதீர்கள். பின்னால் அதைப் பார்க்கும் மனிதருக்குக் கண் ஓடுவது நன்றாகத் தெரியும்.

கேள்வி: நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. ஆன்லைன் இல்லாமல் வேலை தேட வழியே இல்லையா?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: இருக்கிறது தம்பி. உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிற இடம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் பல மாவட்டங்களில் மாதம் ஒரு வெள்ளிக்கிழமையாவது அங்கேயே தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடக்கிறது. கம்பெனி ஆட்கள் வந்து மேஜை போட்டு உட்காருவார்கள், நீங்கள் எதிரில் உட்கார்ந்து பேசலாம். கட்டணம் கிடையாது. அடுத்த தேதி அறிவிப்புப் பலகையில் இருக்கும்.

அப்ரென்டிஸ் பயிற்சிக்கும் முயற்சி செய்யுங்கள். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கான தேசிய அப்ரென்டிஸ் பயிற்சித் திட்டத்தை நம் பக்கத்தில் சென்னை தரமணியில் உள்ள பயிற்சி வாரியம் நடத்துகிறது. ஒரு வருஷம், உதவித்தொகையோடு. பதிவு மட்டும் ஆன்லைன், அதைப் பாலிடெக்னிக்கில் உங்கள் பிளேஸ்மென்ட் ஆசிரியரிடம் கேட்டால் அங்கேயே உட்காரவைத்துச் செய்து கொடுப்பார்.

முகாமுக்குப் போகும்போது மார்க் ஷீட்டின் நகல் மூன்று செட், ஒரு பக்க ரெஸ்யூம் பத்து எடுத்துப் போங்கள். லேத்திலோ சி.என்.சி.யிலோ நீங்களே கடைந்து செய்த பாகம் ஏதாவது பத்திரமாக வைத்திருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அம்பத்தூரில் ஒரு பையன் தான் கடைந்த ஒரு சின்னப் பித்தளைக் கூம்பை என் மேஜையில் வைத்தான். சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். அவர் அதை எடுத்து நகத்தால் தடவிப் பார்த்தார், அப்புறம் வெர்னியரை எடுத்து அளந்தார். “திங்கட்கிழமை வரச் சொல்லுங்க” என்றார். போய்விட்டு வந்து என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.